மலைவண்டிச் சீர்திருத்தம்

மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் வண்டிக்கு இன்னும் என்ன சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்டால், இந்நாளில் பெரும்பாலோர் யோசியாமல் சொல்லும் விடை ஒன்றுண்டு: குதிரைத்திறன் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், வண்டி இன்னும் நாலு அங்குலம் உயர வேண்டும், டயர் இன்னும் அகல வேண்டும். விற்பனைக் கூடத்தில் நிற்கும் இளைஞர் இதைச் சொல்கிறார். மோட்டார்ப் பத்திரிகைகள் இதைச் சொல்கின்றன. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், கணியம்பாடிக் கடைத்தெருவின் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, மலையேறாத வண்டியைக்கூடப் பேச்சிலே மலையேற்றிவிடும் வல்லமை படைத்த நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். இத்தனை பேர் ஏகோபித்துச் சொல்லும் ஒன்றை மறுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றக்கூடும். ஆயினும், மலையடிவாரத்தில் குடியிருந்து, அத்தகைய வண்டி ஒன்றை உடையவனாகவும் இருந்து, அதற்கு டீசலும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக் லைனரும் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில், இந்த அபிப்பிராயம் அடியோடு தவறு என்று வாதிக்கத் துணிகிறேன். மலைவண்டியின் யோக்கியதையை அது விரைந்தோடும்போது அளக்கலாகாது. அது ஊர்ந்து செல்லும்போதும், சரிவில் இறங்கும்போதும், அதன் பின்பக்கத்தில் ஜனங்கள் ஏறி உட்காரும்போதுமே அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

எந்த மலையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், மலை என்றவுடனே இமயத்தையோ, விளம்பரப் படங்களில் புழுதி பறக்கக் காட்டப்படும் மணற்குன்றையோ நினைத்துக்கொண்டு பேசுவதிலிருந்தே பாதிப் பிழைகள் பிறக்கின்றன. கணியம்பாடியிலிருந்து அமிர்திக்குப் பிரியும் சாலை, 1967-இல் அமைந்த சிறிய விலங்குக் காட்சிசாலையின் பக்கத்தில், ஜவ்வாது மலையின் பாதத்தைத் தொடுகிறது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்னும் மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் அம்மலையில், மலையாளி என்று பெயர் வழங்கும் பழங்குடியினர் சாமை விதைத்தும், புளியும் தேனும் கடுக்காயும் சேர்த்தும் ஜீவனம் செய்கிறார்கள். உயரத்தில் அது பிரமாதமான மலையன்று. வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர்தான். ஆனால் தார்ச்சாலை விட்டுப் பிரிந்து குக்கிராமங்களுக்குச் செல்லும் வழிகளைப் பார்த்தவர்களுக்கு, உயரத்துக்கும் சிரமத்துக்கும் சம்பந்தமில்லை என்பது விளங்கும். சித்திரையில் அவ்வழி உருண்டைக் கல்லும் செம்புழுதியும்; ஐப்பசி கார்த்திகையில் அதுவே ஓடை. அத்தகைய இடத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் போகிறவன் அசுர வேகத்தில் போகிறவன். இந்த வேகத்துக்கு ஏற்ற வண்டி எது என்பதுதான் விவாதப் பொருள்.

குதிரைத்திறனை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆட்களும் மூட்டைகளுமாக 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி, நாலடி முன்னே சென்றால் ஓரடி மேலே உயரும் கடுஞ்சரிவில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு ஏறத்தாழ 18 குதிரைத்திறன் செலவாகிறது. கல்லிலும் மண்ணிலும் சக்கரம் உருளுவதற்கு ஒரு நாலும், பல்சக்கரங்களின் உராய்வில் வீணாவதற்கு இன்னொரு நாலும் தாராளமாகச் சேர்த்தாலும் 26-க்கு மேல் போவதில்லை. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் யந்திரம் 60 குதிரைத்திறன் உடையது. உலகப் போரின் சேறு முழுவதையும் அது அந்த அறுபதைக் கொண்டே கடந்தது. 2020-இல் நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனியார் வெளியிட்ட புதிய ‘தார்’ வண்டியின் டீசல் யந்திரம் 130, பெட்ரோல் யந்திரம் 150. இந்த மிகுதி எங்கே செலவாகிறது என்றால், நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதில் செலவாகிறது. அது நியாயமான உபயோகம்தான். நானும் வேலூருக்குப் போகும்போது முந்துகிறேன். ஆனால் அதை மலையின் பெயரால் விற்பதும் வாங்குவதும் நியாயமாகா.

மலையில் வண்டியைத் தடுப்பது யந்திரத்தின் பலவீனமன்று. சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு போதாமையே. உருண்டைக் கல்லின்மேல் நிற்கும் சக்கரத்துக்கு மேலும் மேலும் சக்தியை ஊட்டினால், அது கல்லைப் பின்னுக்கு எறிந்துவிட்டுத் தான் நின்ற இடத்திலேயே குழி பறித்துக்கொள்ளும். அதற்கு வேண்டுவது, காலால் அழுத்தும் மிதியின் சிறு அசைவுக்கும் கட்டுப்பட்டு ஒரு சாண் ஒரு சாணாக நகரும் மந்தகதி. அதைத் தருவது யந்திரமன்று, கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தாழ்கியர்ப் பெட்டி, அதாவது ஓட்டுநர்கள் ‘லோ’ என்று சொல்லும் அந்தச் சிறு நெம்புகோலின் அதிகாரத்தில் இருப்பது. மஹிந்திரா கம்பெனியார் 1950-களில் இந்நாட்டில் செய்துவந்த உயர்ந்த பானெட் ஜீப்பில் அது வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு தாழ்த்தியது. அதற்குப்பின் எழுபது வருஷங்கள் சென்றுவிட்டன, குதிரைத்திறன் இரட்டித்துவிட்டது, ஆனால் இங்கே விற்கும் மலைவண்டிகளின் தாழ்கியரோ இன்றும் அந்த அளவிலேயே, சிலவற்றில் அதற்கும் குறைவாகவே, நிற்கிறது. அமெரிக்காவில் ஜீப் ராங்ளரின் ரூபிகான் வகையில் 2003 முதலே நாலு மடங்கு தாழ்த்தும் பெட்டி வைத்துக் கொடுக்கிறார்கள். என்னைப் போன்ற உடைமைக்காரன் கேட்க வேண்டிய முதல் சீர்திருத்தம் அந்த நாலு மடங்கே.

இதைவிட வேடிக்கையான சான்று ஒன்றும் உண்டு. 2023 ஜனவரியில், அதே தாரின் தோற்றத்தில், அதே கம்பீரத்தில், பின்சக்கரங்கள் மட்டும் இயங்குவதும் தாழ்கியர்ப் பெட்டி இல்லாததுமான ஒரு வகை விற்பனைக்கு வந்தது. அதன் டீசல் யந்திரம் 117 குதிரைத்திறன். அதாவது மேலே கணக்கிட்ட மலையேற்றத்துக்கு வேண்டியதைப்போல் நாலு மடங்குக்கு மேல். குதிரைத்திறனே மலையேற்றும் என்பது உண்மையானால், அவ்வண்டி அமிர்திக்கு மேலுள்ள எந்த வழியிலும் தயங்கக் கூடாது. விலை குறைவு, நகரத்துக்குப் போதும் என்று அதை வாங்குகிறவர்கள் விவரம் தெரிந்தே வாங்குகிறார்கள்; அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அதை வாங்கிக்கொண்டு மழைக்காலத்தில் மலைக்கு வருகிறவர்களை டிராக்டர் கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உயரத்தைப் பற்றிய மோகம் குதிரைத்திறன் மோகத்துக்கு இளைய சகோதரன். ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை கொடுத்தோ, நீண்ட ஸ்பிரிங் போட்டோ உடலை மூன்று அங்குலம் தூக்கிவிட்டால், கல் அடியில் தட்டாது என்று நினைக்கிறார்கள். ஒரே ஆக்சிலாக இரு சக்கரங்களையும் இணைக்கும் அமைப்பில், முதலில் கல்லில் மோதுவது ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் உடல்தான் உயருமே ஒழிய, அந்தக் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. டயரைப் பெரிதாக்கினாலோ, சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால் தாழ்கியரின் பயன் குறைகிறது. பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறைகிறது. இவையெல்லாம் போக, வண்டி சாய்ந்து கவிழும் கோணம் என்று ஒன்றிருக்கிறது. சக்கரங்களின் இடைவெளி ஒன்றரை மீட்டரும், எடையின் மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டரும் உள்ள வண்டி அசையாமல் நிற்கும்போது 45 பாகை சாய்வு வரை கவிழாது. மையத்தை மூன்று அங்குலம் உயர்த்தினால் அது ஏறத்தாழ 42 ஆகிவிடும். மூன்று பாகைதானே என்பார்கள். கூரைமேல் புளி மூட்டையும், பின்னால் எட்டுப் பேரும் ஏறியபின், ஒருபக்கம் பள்ளமான வளைவில் அந்த மூன்று பாகைதான் மிச்சமிருக்கும் ஆயுள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே புதிய தாருக்கு 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி உண்டு. நம் மலைக்கு அது தாராளம். அடிபடாமல் இருக்க வேண்டுமானால், கேட்க வேண்டியது உயரமன்று. எண்ணெய்த் தொட்டிக்கும் கியர்ப்பெட்டிக்கும் கனமான இரும்புத் தகடு. டயர் விஷயத்திலும் அப்படியே. அகன்ற டயரைக் காட்டிலும், காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்ட சாதாரண டயர் கல்லை நன்றாகக் கவ்வும் என்பது மலை ஓட்டுநர் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஒருவரும் இறக்குவதில்லை, ஏனெனில் கீழே வந்ததும் மறுபடி நிரப்பக் கிடைக்கும் பங்க்சர் கடை கணியம்பாடியிலேதான் இருக்கிறது. யந்திரத்தோடு இணைந்த ஒரு சிறு காற்றுப் பம்பு வைத்துக் கொடுத்தால் அகன்ற டயரின் விலையில் பாதி ஆகாது.

இனி, இந்த விவாதத்தின் உயிர்நிலையாகிய இறக்கத்துக்கு வருகிறேன். பத்திரிகையிலும் விளம்பரத்திலும் வண்டி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது. மூக்கை வானத்துக்கு உயர்த்தி நிற்கும் வண்டியைப் படம் பிடிப்பது எளிது போலும். ஏற்றத்தில் பழுதானால் வண்டி நிற்கும். இறக்கத்தில் பழுதானால் அது நிற்காது. எங்கள் ஊர்ப் பட்டறையில், கை முழுதும் கிரீஸோடு டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிபோல் மினுமினுப்பு ஏறிக் கருகிய லைனரை என் முன் நீட்டிய மெக்கானிக் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: ‘‘ஏறது வண்டி பாத்துக்கும்ண்ணா, எறங்கறதுதான் நாம பாத்துக்கணும்.’’ கருகிய லைனரின் அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் லேசில் போகாது.

அந்த நாற்றத்தின் காரணம் எளிய பௌதிகம். 2,000 கிலோ வண்டி 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது 78 லட்சம் ஜூல் சக்தியை எங்கேனும் கழித்தாக வேண்டும். இருபது லிட்டருக்கு மேற்பட்ட கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான உஷ்ணம் அது. ஓட்டுநர் தாழ்கியரில் போட்டு இறக்கினால் அதில் பெரும்பகுதியை யந்திரம் தாங்கிக்கொள்ளும். மேல்கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் நாலு சக்கரத்து இரும்பின்மேல் விழும். இரும்பு பழுக்கும்; லைனர் பிடிப்பை இழக்கும்; இன்னும் மோசமாக, பிரேக் எண்ணெய் கொதிக்கும். டாட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாக ஊற்றியபோது 205 பாகை வரையேனும் கொதிக்காது. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டபின் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி வந்தால் மிதி தரை வரை போகும், வண்டியோ நிற்காது. எத்தனை உடைமைக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய் மாற்றுகிறார்கள்?

இதற்குச் சீர்திருத்தம் செய்திருக்கிறோம் என்று நவீன வண்டிக்காரர்கள் ஒரு பொத்தானைக் காட்டுவார்கள். அதை அழுத்தினால், ஓட்டுநர் காலை எடுத்துவிட்டாலும், கணினி தானே நாலு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து வண்டியை மெல்ல இறக்கும். வழுக்குப் பாறையில் சிறு தூரம் இறங்க இது அருமையான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணினி உபயோகிப்பதும் அதே பிரேக்கைத்தான். உஷ்ணம் விழுவதும் அதே இரும்பின்மேல்தான். நீண்ட மலையிறக்கத்தில் தாழ்கியர் செய்யும் வேலையைப் பொத்தான் செய்யாது. செய்வதாக நம்பும் புதிய ஓட்டுநரை அது ஏமாற்றும். இறக்கத்துக்கு எனக்கு வேண்டுவது இவ்வளவே: நாலு மடங்கு தாழ்கியர், பின்சக்கரத்திலும் காற்றோட்டமுள்ள டிஸ்க் பிரேக், பிரேக்கின் உஷ்ணம் எல்லை மீறும்போது ஓட்டுநரின் கண்முன் எரியும் ஒரு சிவப்பு விளக்கு. பத்தங்குலத் திரையில் பாட்டின் பெயரையும் பாடினவர் பெயரையும் காட்டத் தெரிந்த வண்டிக்கு, இதைக் காட்டத் தெரியவில்லை.

மூலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது உதவும் டிஃபரன்ஷியல் பூட்டு எனக்கு வேண்டிய இன்னொன்று. சக்கரங்களுக்குச் சமமாகச் சுழற்றுவிசையைப் பங்கிடும் சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரம் வீணே சுழலும்போது பிடிப்புள்ள சக்கரத்தையும் சோம்பேறியாக்கிவிடும். அதைப் பூட்டும் சாதனம் தாரின் உயர்ந்த வகைகளில் பின்னால் உண்டு. ஆனால் ஒரு சக்கரம் முதலில் சுழன்று, வேற்றுமை ஓர் அளவைத் தாண்டிய பிறகே அது தானாகப் பூட்டிக்கொள்ளும். கூர்க்கா என்னும் வேறொரு மலைவண்டியில் முன்னும் பின்னும் ஓட்டுநரே பூட்டலாம். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் சுழன்ற பிறகு பூட்டுவதைவிட, சுழலுமுன்னே பூட்டுவது நல்லது என்பதற்கு நீண்ட வாதம் வேண்டா.

மெதுவாக ஓடுவதையே குற்றமாக நினைக்கும் மனோபாவம் யந்திரத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி, டீசல் புகையின் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் அமைந்திருக்கிறது. விதி நல்ல விதி. மலைக்காற்றைக் கெடுக்கும் உரிமை எனக்கும் இல்லை. ஆனால் அந்த வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால், வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் இடைவிடாமல் விரைந்தோட வேண்டும். காலையில் மலைக்கு ஏறி, கியர் மாற்ற வாய்ப்பின்றி ஊர்ந்து, சாயங்காலம் அடிவாரத்துக்குத் திரும்பும் வண்டிக்கு அந்த யோகம் ஏது? வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, யந்திரம் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. நிறுத்திய இடத்திலேயே வடிகட்டியைச் சுத்தம் செய்துகொள்ளும் விசை பெரிய யந்திர வண்டிகளில் இருக்கிறது. அதை மலைவண்டியின் உடைமைக்காரன் கையிலும் கொடுத்தாலென்ன?

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டுகிறவன் இருக்கையைப் பற்றியது. வழக்கத்திலுள்ள அபிப்பிராயத்தின் பெருங்குற்றம், அது அந்த இருக்கையை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்பது. நான் ஒரு விற்பனைக் கூடத்துக்குச் சென்று, பின்கதவைத் திறந்தால் எத்தனை அங்குல அகலம் கிடைக்கும் என்று கேட்டபோது, கூரைக் கண்ணாடி திறக்கும் விதத்தை மூன்றுமுறை விளக்கியவருக்கு விடை தெரியவில்லை. அளக்க ஓர் இஞ்சு டேப்பும் அங்கே இல்லை. அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. அதுவரை அக்கேள்வியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மலையில் அந்தக் கேள்வி தினந்தோறும் எழுகிறது. புளி மூட்டையோடு வரும் ஒரு கிழவி என் வண்டியின் பின்னால் ஏறும் காட்சியைப் பாருங்கள். படி அவள் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அவசரத்துக்குக் கை வைக்கக் கிடைப்பது சுடும் தகரம். பின்கதவின் முதுகில் ஸ்டெப்னி தொங்குகிறது. அந்தப் பாரத்தோடு பக்கவாட்டில் திறக்கும் கதவு, பாதை சாய்வாக இருந்தால் தானாக மூடிக்கொள்ள வருகிறது. ‘‘கதவ கொஞ்சம் புடிச்சுக்க நைனா’’ என்கிறாள். ஒருவர் இடுப்பைக் கொடுத்துக் கதவைத் தாங்க, ஒருவர் மூட்டையை வாங்க, ஒருவர் அவள் கையைப் பற்றி இழுக்க, இப்படி மூவர் சேர்ந்து செய்யும் உபகாரத்தால் அவள் ஏறுகிறாள். ஏறியபின், பக்கவாட்டுப் பலகையில், எதிரே உட்கார்ந்தவர் முழங்காலில் இடித்துக்கொண்டு, வளைவுதோறும் சரிந்துகொண்டு போகிறாள். மடக்கி இறக்கும் ஒரு படி, ஒரு கைப்பிடி, திறந்த நிலையில் கதவை நிறுத்தும் ஒரு கொக்கி, மூட்டையைக் கட்டத் தரையில் நாலு வளையம், முன்னோக்கிய இருக்கை, அதற்கு மூன்று முனை இருக்கைப் பட்டை ஆகிய இவற்றுள் எதற்கும் புதிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. 2020-இல் தார் வெளிவந்தபோது பக்கவாட்டுப் பலகை கொண்ட ஆறு பேர் வகையும் இருந்தது. சீக்கிரமே அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரி. ஆனால் அதன்பின் எஞ்சியது, முன்னிருக்கையை மடக்கி நுழைய வேண்டிய இரண்டு பின்னிருக்கைகள். இருபது வயது வாலிபன் நுழையலாம். நிறைமாதக் கர்ப்பிணி நுழைவாளா?

2022 ஏப்ரலில், திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர் நாட்டு மலைப்பாதையில், கோயிலுக்கு ஜனங்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் உருண்டு பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி சேர்வதற்குள் இறந்தது; அதன் உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை சரியில்லாமல் நடுவழியில் நிற்க, தாய் அதைச் சுமந்துகொண்டு மலையேறினாள். மலைவண்டியைப் பற்றி யோசிக்கும்போது இவ்விரண்டும் நினைவுக்கு வராமல், தண்ணீருக்குள் 650 மில்லிமீட்டர் இறங்குமா, 700 இறங்குமா என்ற வாதம் மட்டும் நினைவுக்கு வருமானால், நம் யோசனையின் திசையே பிசகிவிட்டது. ஆறடிக்குக் குறையாத சமதளமும், ஸ்ட்ரெச்சர் நேரே நுழையும் கதவும் உள்ள ஒரு நாலு சக்கர இயக்க வண்டிக்கு, இந்த மலையில் எந்தக் குதிரைத்திறனையும் விட மதிப்பு அதிகம்.

இங்கே இரண்டு ஆக்ஷேபங்கள் எழும். பழைய ஜீப்பே போதும், சிரமமே அதன் அழகு என்பார் ஒருசாரார். அவர்களுடைய ஜீப்பு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு. பழைய வண்டியில் போற்றத்தக்கது, நாலு ஸ்பேனரைக் கொண்டு மரநிழலில் பழுதுபார்க்கலாம் என்பது. அந்த ஒன்றைக் காப்பாற்றச் சொன்னால் நானும் கையெழுத்திடுவேன். மற்றபடி, நாலு பக்கமும் டிரம் பிரேக், பட்டை இல்லாத பலகை, மழையைத் தடுக்காத டார்ப்பாய் என்பனவற்றைப் பரம்பரைச் சொத்தாகப் பாராட்ட, அதில் தினமும் பிரயாணம் செய்யும் மலைவாசி எவரும் முன்வரமாட்டார்.

மற்றொரு சாரார், சாலை போட்டுவிட்டால் இந்த வண்டியே வேண்டாம் என்பார்கள். இது கனமான ஆக்ஷேபம். சாலை வேண்டும், வண்டி சாலைக்குப் பதிலாகாது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கிராம சபையின் சிபாரிசின்மேல், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைச் சாலை முதலிய பொதுக் காரியங்களுக்கு விட வழிசெய்கிறது. அதைக் கொண்டு போட வேண்டிய சாலைகளை இன்றே போடட்டும். ஆயினும் சாலை எல்லாக் குக்கிராமங்களையும் அடையும் நாள் வரையிலும், அடைந்த பிறகும் ஒவ்வொரு ஐப்பசியிலும் அது அறுத்துக்கொண்டு போகும் சில வாரங்களிலும், பிரசவ வலி காத்திருக்குமா? சாலையைக் காட்டி வண்டியை மறுப்பதும், வண்டியைக் காட்டிச் சாலையை மறுப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

சரி, வேண்டியதை நீயே பட்டறையில் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். சட்டம் இடங்கொடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிச் சட்டத்துக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. இவற்றைப் பலர் குறைகூறுகிறார்கள். நான் கூறமாட்டேன், ஏனெனில் அத்தடைகளால் நின்றவற்றுள் பெரும்பாலானவை நான் மேலே கண்டித்த அலங்காரங்களே. ஆனால் இதிலிருந்து ஒன்று சித்திக்கிறது: சீர்திருத்தம் வருவதானால் தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும்.

தொழிற்சாலையோ, கேட்பவர் தொகையைப் பார்க்கிறது. மலைவாசிகள் சிறுதொகையினர் என்று கையை விரிக்கிறது. அப்படி விரிக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டு அனுபவமே சாட்சி. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ஜோங்கா என்னும் வண்டி செய்யப்பட்டது ராணுவம் கேட்டதனால். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, பொதுஜனங்களுக்கு விற்பது நின்ற பிறகும் ராணுவத்துக்காகத் தொடர்ந்து செய்யப்பட்டது; அதுவும் கேட்டவர் ஒருவரே, கேட்ட தொகை பெரிது என்பதனால். தமிழ்நாட்டில் வனத்துறை, மின்வாரியம், சுகாதாரத்துறை ஆகிய மூன்றும் மலைக்கு வண்டி வாங்குகின்றன. அடுத்தமுறை அவை வெளியிடும் டெண்டர் பத்திரத்தில் குதிரைத்திறன் என்ற வரியில் ‘80-க்குக் குறையாமல்’ என்று மட்டும் எழுதிவிட்டு, தாழ்கியர் நாலு மடங்கு, பின்கதவின் அகலம் இத்தனை அங்குலம், படியின் உயரம் தரையிலிருந்து இத்தனை அங்குலம், சமதளம் ஆறடிக்குக் குறையாமல், பின்னிருக்கை ஒவ்வொன்றுக்கும் பட்டை, நின்ற இடத்தில் புகைவடிகட்டியைச் சுத்தம் செய்யும் விசை என்று எழுதட்டும். எழுதுமுன் அந்த அங்குலங்களை முடிவுசெய்ய, அளவுகோலோடு ஓர் அதிகாரி சந்தை நாளில் மலையடிவாரத்துக்கு வந்து, மூட்டையோடு ஏறுகிறவர்களின் முழங்கால் உயரத்தை அளந்துகொண்டு போகட்டும்.